ஆபீஸ் வைஃபையில் மட்டும் மெயில் வரவில்லையா? பாஸ்வேர்டை மாற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. போன வாரம் ஒரு அச்சகத்தில் பார்த்த பிரச்சினையை இன்று முழுசாகச் சொல்லப் போகிறேன். இதே கோளாறில் இரண்டு நாள், மூன்று நாள் வேலை நின்றுபோன ஆபீஸ்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் இடம் தெரிந்துவிட்டால் சரிசெய்ய அரை மணி நேரம் போதும்.

அங்கே 14 கம்ப்யூட்டர். மூலையில் உபுண்டு லினக்ஸ் போட்ட ஒரு பழைய பெட்டி, அதில் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் படிக்கக் கொடுக்கும் டவ்காட்டும் ஓடுகின்றன, அதுதான் மெயில் சர்வர். இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றினார்கள், புது ரவுட்டர் வந்தது, புது ஐபியை, அதாவது முகவரி எண்ணை, டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கொடுத்தால் ஐபியைச் சொல்லும் பட்டியல்) ஏற்றி, மெயிலுக்கான போர்ட்டுகளையும் (எண் போட்ட வாசல்கள்) ரவுட்டரில் திறந்துவிட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து ஒருவருக்கும் மெயில் இல்லை. ஆனால் முதலாளி மட்டும் "எனக்கு ஃபோனில் வந்துகொண்டுதானே இருக்கிறது" என்கிறார். நான் போவதற்குள் எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றி, சர்வரை நாலைந்து முறை ரீஸ்டார்ட் செய்து, ஒரு கம்ப்யூட்டரில் அவுட்லுக்கையே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தார்கள்.

நான் முதலில் முதலாளியின் ஃபோனைத்தான் கேட்டேன். அவர் வைஃபையை ஆஃப் செய்து மொபைல் டேட்டாவில் வைத்திருந்தார். வைஃபையை ஆன் செய்தேன், மெயில் நின்றது. ஆஃப் செய்தேன், வந்தது. அவ்வளவுதான், பாஸ்வேர்ட் சரி, சர்வர் சரி, உள்ளேயிருந்து போகும் வழியில்தான் சிக்கல் என்று தெரிந்துவிட்டது. இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது. ஸ்கேனரிலிருந்து மெயிலுக்கு அனுப்பும் பக்கங்கள் அந்த இரண்டு நாளும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. ஸ்கேனரில் சர்வரின் பெயரைப் போடாமல் 192.168.1.10 என்று ஆபீஸுக்குள் மட்டும் செல்லும் உள் ஐபியையே யாரோ எப்போதோ அடித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறைய பேர் இதில் விழுகிறார்கள். சர்வரின் பெயருக்கு பிங் (அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று கேட்கும் சின்ன சோதனை) அடித்தால் பதில் வந்தது. உடனே "சர்வர் கிடைக்கிறது, அப்போது அவுட்லுக்தான் தப்பு" என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்தப் பெயர் ரவுட்டரின் வெளி ஐபிக்குப் போகிறது, பதில் சொன்னது ரவுட்டர், சர்வர் இல்லை. அதனால் பிங்கை நம்பாதீர்கள், போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். மெயில் படிக்க 993, அனுப்ப 587 அல்லது 465. விண்டோஸ் என்றால் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன், முழு கட்டளையும் திரையில் இருக்கிறது.

தட்டும்போது என்ன பதில் வருகிறது என்பதை நிதானமாகப் படியுங்கள். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று சட்டென்று வந்தால் பெரும்பாலும் நீங்கள் பெட்டி வரைக்கும் போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை என்று அர்த்தம். சர்வரில் எந்தெந்தப் போர்ட் திறந்திருக்கிறது என்று காட்டும் 'எஸ்எஸ்' கட்டளை போட்டு, 127.0.0.1 என்ற, பெட்டி தன்னோடு மட்டும் பேசும் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், போஸ்ட்ஃபிக்ஸில் 'லூப்பேக்-ஒன்லி' என்று இருந்தால் அப்படித்தான் ஆகும். பதிலே வராமல் இழுத்து இழுத்து 'டைம்டு அவுட்' ஆனால் நடுவில் ஃபயர்வால் விழுங்குகிறது, அல்லது பதில் வழிமாறிப் போகிறது.

இங்கே டைம்டு அவுட். சர்வருக்கு வந்து போகும் ஒவ்வொன்றையும் வரிவரியாகக் காட்டும் டிசிபிடம்ப்பை அதில் ஓடவிட்டேன். பார்த்தால் கோரிக்கை சர்வருக்கு வந்து சேர்ந்திருக்கிறது, சர்வர் பதிலும் அனுப்புகிறது, உடனே கோரிக்கை அனுப்பிய கம்ப்யூட்டரே 'ஆர்' என்று ரீசெட் அடித்து வெட்டிவிடுகிறது. வரிசையாக எஸ் (கோரிக்கை), எஸ் புள்ளி (சர்வரின் பதில்), ஆர் (வெட்டு). திரும்பத் திரும்ப இதே மூன்று வரி.

ஏன் வெட்டுகிறது? நீங்கள் ஒரு கடை நம்பருக்கு ஃபோன் போட்டுக் காத்திருக்கிறீர்கள், கடைக்காரர் தன் சொந்த நம்பரிலிருந்து உங்களைக் கூப்பிடுகிறார், யாரோ தெரியாத நம்பர் என்று நீங்கள் கட் செய்துவிடுகிறீர்கள். அதேதான். கம்ப்யூட்டர் வெளி ஐபியைக் கூப்பிட்டது, ரவுட்டர் அதை உள்ளே திருப்பி சர்வரிடம் கொடுத்தது, சர்வரோ பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்தானே என்று ரவுட்டர் பக்கம் போகாமல் 192.168.1.10 என்ற தன் ஐபியிலிருந்தே நேராகப் பதில் சொல்லிவிட்டது. பழைய ரவுட்டர் அனுப்புகிறவரின் முகவரியையும் சேர்த்து மாற்றிக் கொடுத்ததால் பதில் ரவுட்டர் வழியாகவே திரும்பி வந்தது. இதற்கு ஹேர்பின் நாட் என்று பெயர். புதியதில் அது இல்லை.

இதற்கு அவுட்லுக்கில் உள் ஐபியை அடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் பெயருக்குத்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது, ஐபி போட்டால் தினமும் எச்சரிக்கை வரும், மக்கள் படிக்காமலே 'யெஸ்' அழுத்தப் பழகிவிடுவார்கள், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனாலும் வேலை செய்யாது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பெயருக்கு ஐபி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதினாலும் இதே வீட்டுக் கதைதான்.

நான் செய்தது, ரவுட்டரின் டிஎன்எஸ் பகுதியில் அந்த மெயில் பெயருக்கு 192.168.1.10 என்று ஒரே ஒரு வரி. உள்ளே இருப்பவர்களுக்கு உள் ஐபி, வெளியே இருப்பவர்களுக்கு வெளி ஐபி, பெயர் மட்டும் ஒன்றே. அப்புறம் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அந்த ஐபியை, ஐபிகளைத் தானாகப் பங்கிடும் டிஹெச்சிபியில் நிரந்தரமாக ஒதுக்கினேன், இல்லையென்றால் ஒருநாள் அது வேறு பெட்டிக்குப் போய்விடும்.

13 கம்ப்யூட்டரில் வந்துவிட்டது. கணக்கு பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை. நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்தால் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8 என்று கூகுளின் டிஎன்எஸ்ஸைக் கையால் அடித்திருக்கிறது, அது ரவுட்டரிடம் கேட்கவே கேட்காது. அதைத் தானாக எடுக்கும்படி மாற்றி, பழைய பதில்களை நினைவில் வைத்திருக்கும் டிஎன்எஸ் கேஷைக் காலி செய்தேன். இரண்டு நாள் மெயில் கடகடவென்று இறங்கியது, மேலேயே ஒரு வாடிக்கையாளர் "புரூஃப் ஓகே, அச்சடிக்கலாம்" என்று முந்தின நாள் காலையில் அனுப்பியது இருந்தது. அக்கா அப்படியே எழுந்து மெஷின் பக்கம் ஓடினார்.