ஆங்கிலத்தின் 'பிளைண்ட்': வளமா, வசையா? (வசையே என்னும் அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் பெரியோர்களே, மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பார்வையின்மையைக் குறிக்கும் 'பிளைண்ட்' என்ற ஆங்கிலச் சொல் உருவகமாக வழங்கும்போது, அது அந்த மொழிக்கு வளமா, பார்வையற்றவர்கள் மீது விழும் வசையா என்பது இன்றைய தலைப்பு. வளமே என்று முழங்கிவிட்டு எதிரணித் தலைவர் அமர்ந்திருக்கிறார். அந்தச் சொல்லைப் பேசுகிறவர் யாரும் பார்வையற்ற மனிதரை மனத்தில் வைத்துப் பேசுவதில்லை என்றார். நீதிதேவதைக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் அரசியல் சட்டத்துக்கும் அந்தச் சொல் பெருமை சேர்த்திருக்கிறது என்றார். அதை எடுத்துவிட்டால் எதை எழுதுவீர்கள் என்றும் சவால் விட்டார். மூன்றுக்கும் வருகிறேன்.

முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதை விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஜன்னலில் தொங்கும் பிளைண்ட்ஸ் மீது எனக்கு வழக்கில்லை. முட்டுச்சந்தைப் பிளைண்ட் ஆலி என்பதிலும், முன்பின் அறியாத இருவர் சந்திப்பதைப் பிளைண்ட் டேட் என்பதிலும் யாருக்கும் இழுக்கில்லை. பிளைண்ட் ஸ்பாட் கூட நியாயமான சொல்லே. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அது எல்லோருடைய கண்ணிலும் உள்ள உண்மை. என் வழக்கு வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவன் பொறுப்பில்லாமல் நடந்தாலும், உண்மையை ஏற்க மறுத்தாலும், யோசிக்காமல் பின்தொடர்ந்தாலும் ஆங்கிலம் உடனே 'பிளைண்ட்' என்கிறதே, அங்கேதான்.

1801 ஏப்ரல் 2. கோபன்ஹேகன் துறைமுகத்தின் முன்னே பிரிட்டிஷ் கப்பற்படை டென்மார்க் கப்பல்களோடு மோதிக்கொண்டிருக்கிறது. தொலைவில் நிற்கும் தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர், சண்டையை நிறுத்தச் சொல்லி 39ஆம் எண் சமிக்ஞைக் கொடியை ஏற்றுகிறார். முன்னணியில் இருந்து போரை நடத்துபவர் நெல்சன். 1794இல் கோர்சிகா தீவின் கால்வி முற்றுகையில் அவர் வலக்கண்ணின் பார்வை போய்விட்டது. இப்போது தொலைநோக்கியை அந்த வலக்கண்ணில் வைத்து, 'எனக்குக் கொடி தெரியவில்லை' என்கிறார். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்ற தொடரை இந்தக் கதையோடு இணைத்தே ஆங்கிலேயர் சொல்வார்கள். தொடர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது என்பாரும் உண்டு. கதை பின்னால் மெருகேறியது என்பாரும் உண்டு. கதையை அவர்கள் சொல்லும்படியே எடுத்துக்கொள்வோம்.

கொடி ஏறியதும் அதிகாரி ஓடி வந்து நெல்சனிடம் சொல்கிறார். நெல்சன் கேட்கும் கேள்வி என்ன? நெருங்கிப் போரிடச் சொல்லும் நம் 16ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா என்பது. பறக்கிறது என்றதும், அப்படியே இருக்கட்டும் என்கிறார். தொலைநோக்கி அதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் போகிறது. அதாவது, பார்க்கர் கட்டளை நெல்சனுக்கு நன்றாகத் தெரியும். இடக்கண்ணும் நன்றாகத் தெரியும். மறுத்தவர் பார்வையுள்ளவர், மறுக்க முடிவெடுத்தது எல்லாவற்றையும் அறிந்த மனம். ஆனால் இருநூறு ஆண்டுகளாக அந்தப் பழியைச் சுமப்பது எது? போரில் அடிபட்டுப் பார்வை இழந்த, ஒரு பாவமும் அறியாத வலக்கண்!

இதே செயலை நாம் 'கண்டும் காணாமல் விடுவது' என்கிறோம். கண்டவன்தான் குற்றவாளி என்பது முதல் சொல்லிலேயே வந்துவிடுகிறது. நம் மொழி மட்டும் தூய்மை என்று நான் வாதாடவில்லை. குருட்டு நம்பிக்கை, குருட்டாம்போக்கு என்று நாமும் எழுதித் தள்ளுகிறோம். அந்த வழக்கை நடுவர் இன்னொரு மேடையில் எடுத்தால், அங்கேயும் நான் இதே பக்கத்தில்தான் நிற்பேன்.

நெல்சன் கதை பழையது என்பீர்கள். சரி, 2011க்கு வாருங்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எண்ணெயில் பொரிக்கும் ஒரு மின்கருவியைப் பற்றிய காப்புரிமை வழக்கு. பிரெஞ்சு நிறுவனமான எஸ்.இ.பி. தயாரித்த கருவி. பென்டால்பா என்ற நிறுவனம் அதை ஹாங்காங்கில் வாங்குகிறது. அமெரிக்காவுக்கு வெளியே விற்கப்படும் கருவி என்பதால் அதன்மேல் அமெரிக்கக் காப்புரிமைக் குறிப்பு இல்லை. வெளித்தோற்றத்தை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே நகலெடுக்கிறார்கள். பிறகு ஒரு வழக்கறிஞரிடம் போய், எங்கள் கருவி யாருடைய காப்புரிமையையும் மீறவில்லையே என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். நகலெடுத்த செய்தியை மட்டும் அவரிடம் மூச்சு விடவில்லை!

இந்த நடத்தைக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் 'வில்ஃபுல் பிளைண்ட்னெஸ்', அதாவது வேண்டுமென்றே பார்வையற்றிருத்தல். அதற்கு நீதிமன்றம் இரண்டு அடிப்படைகளைச் சொன்னது. மறைந்திருக்கும் உண்மை இருப்பதற்குப் பெரும்பாலும் வாய்ப்புண்டு என்று குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளூர நம்பியிருக்க வேண்டும். அதை அறிந்துவிடாமல் இருக்க வேண்டுமென்றே நடவடிக்கையும் எடுத்திருக்க வேண்டும். இந்த அவையைக் கேட்கிறேன்: இந்த இரண்டில் எது பார்வையின்மை? முதலாவது, ஏறக்குறைய எல்லாம் தெரிந்த நிலை. இரண்டாவது, திட்டமிட்ட தந்திரம். உலகத்தை அறிந்துகொள்ள முடிந்த வழிகளையெல்லாம் தேடிப் பிடிப்பவர் பார்வையற்றவர். அறிந்துவிடக் கூடாது என்று வழிகளையெல்லாம் அடைப்பவன் இந்தக் குற்றவாளி. பின்னவனுக்கு முன்னவரின் பெயரைச் சூட்டியது எந்த வகை வளம்?

'பிளைண்ட்லி' என்ற வினையடையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னே என்ன இருக்கிறது என்று பாராமல் போனான் என்பதற்கு ஆங்கிலத்தில் அதுதான் கைக்கெட்டும் சொல். இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்குப் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் ராணுவ மருத்துவமனையில் ரிச்சர்ட் ஹூவர் ஒரு நடைமுறையை வகுத்தார். நீண்ட கோலைப் பிடித்து நடக்கும் முறை அது. இன்றும் உலகெங்கும் கற்பிக்கிறார்கள். அதைக் கவனித்துப் பாருங்கள். இடக்கால் முன்னே போகும்போது கோலின் நுனி வலப்பக்கம் தரையைத் தட்டுகிறது. வலக்கால் முன்னே வரும்போது நுனி இடப்பக்கம் போகிறது. எந்தக் கால் அடுத்து விழப்போகிறதோ, அந்த இடத்தைக் கோல் முன்கூட்டியே சோதித்துவிடுகிறது. கோலின் வீச்சு தோள்களின் அகலத்தைவிடச் சற்றே கூடுதல். படியா, பள்ளமா, மண்ணா, சிமெண்டா என்று தட்டும் ஒலியும் கையில் ஏறும் அதிர்வும் சொல்லிவிடும். சோதிக்காமல் அவர் ஓரடி வைப்பதில்லை. நம்மில் எத்தனை பேர் அப்படி நடக்கிறோம்? சோதிக்காமல் பாய்கிறவனுக்கு 'பிளைண்ட்லி' என்று பெயர் வைத்தவர்கள், பார்வையற்றவர் நடப்பதை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

குருடனுக்குக் குருடன் வழிகாட்டினால் இருவரும் பள்ளத்தில் விழுவார்கள் என்ற ஆங்கில விவிலிய வாசகத்தை எதிரணித் தலைவர் எடுத்துச் சொன்னபோது அரங்கில் கைதட்டல் எழுந்தது. அதற்கு என் பதில் ஜான் மெட்காஃப். 1717இல் யார்க்ஷரின் நேர்ஸ்பரோவில் பிறந்தவர். ஆறு வயதில் பெரியம்மை அவர் பார்வையைக் கொண்டுபோயிற்று. ஊரார் வைத்த பெயர் 'பிளைண்ட் ஜாக்'. 1765இல் மூன்று மைல் சாலை போடும் ஒப்பந்தத்தை முதலில் எடுத்தார். வடக்கு இங்கிலாந்தில் அவர் போட்ட சாலைகள் மொத்தம் ஏறத்தாழ 180 மைல். ஊன்றுகோலால் நிலத்தைக் குத்திப் பார்த்தும், காலால் மிதித்துப் பார்த்தும் மண்ணின் தன்மையை அறிவார். கால் புதையும் சதுப்பில் சாலை நிற்காது என்று பார்வையுள்ளவர்கள் கைவிரித்த இடத்தில், புதர்ச்செடிகளைக் கட்டுக்கட்டாகப் பரப்பி, மிதக்கும் அடித்தளம் அமைத்து, அதன்மேல் சாலையை நிறுத்தினார். தண்ணீர் வடிய வழி இல்லாத சாலை நிலைக்காது என்பதில் அவர் மிகக் கண்டிப்பானவர். ஆகவே சாலையோரம் பள்ளம் வெட்டுவார். ஆம், அந்தப் பார்வையற்றவர் வாழ்நாளெல்லாம் வெட்டிய பள்ளங்களால்தான் பார்வையுள்ளவர்களின் வண்டிகள் சேற்றில் இறங்காமல் ஊர் போய்ச் சேர்ந்தன.

அந்த உருவகம் நடத்தையைத் திரிப்பதோடு நிற்கவில்லை. பார்வையின்மை என்றாலே முழு இருட்டு என்று கற்பிக்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் பார்வையின்மைக்கு ஓர் அளவு உண்டு. கண்ணாடி போட்ட பிறகும், இரு கண்களில் நல்ல கண்ணின் பார்வை 20/200 அல்லது அதற்குக் கீழே. அதாவது, மற்றவர்கள் 200 அடியிலிருந்து பார்ப்பதை அவர் 20 அடியில் நின்றால்தான் பார்க்க முடியும். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையின் உச்சியில் ஒற்றையாக நிற்குமே பெரிய எழுத்து, அதுதான் பொதுவாக அந்த 200. அல்லது, பார்வைப் பரப்பு 20 பாகைக்குள் சுருங்கியிருக்க வேண்டும். இந்த வரையறைக்குள் வருவோரில் பெரும்பாலோருக்கு ஏதோ ஓரளவு பார்வை உண்டு. வெளிச்சம் தெரியும் ஒருவருக்கு. பெரிய எழுத்தைப் படிப்பார் இன்னொருவர். நேரே பார்த்தால் முகம் தெரியாமல் ஓரத்தில் மட்டும் தெரியும் வேறொருவருக்கு. உருவகத்துக்கு இந்த வேறுபாடெல்லாம் தேவையில்லை. அதற்கு வேண்டியது ஒரே கறுப்பு.

நீதிதேவதைக்கு வருகிறேன். கண்ணைக் கட்டியிருப்பதால் அவள் யார் எவர் என்று பாராமல் தீர்ப்பளிக்கிறாள். இது பார்வையின்மைக்குக் கிடைத்த மகுடம் என்றார் எதிரணித் தலைவர். முதலாவது, துணியால் கட்டப்பட்ட கண் பார்வையற்ற கண் அல்ல. இரண்டாவது, அந்தக் கட்டு பெருமையாகவா பிறந்தது? நீதிதேவதையின் கண்கள் கட்டப்பட்ட மிகப் பழைய படங்களில் ஒன்று 1494இல் பாசல் நகரில் அச்சான ஒரு நையாண்டி நூலில் இருக்கிறது. அதில் ஒரு முட்டாள் பின்னால் நின்று அவள் கண்ணைக் கட்டுகிறான்! லண்டனின் புகழ்பெற்ற ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் உச்சியில் நிற்கும் தங்கமுலாம் சிலைக்கோ கண்கட்டே கிடையாது.

உண்மையில் பார்வையற்ற ஒரு நீதிபதி லண்டனில் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் பௌ ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு அமர்ந்திருந்த ஜான் ஃபீல்டிங். இளம் வயதில் ஒரு விபத்தில் பார்வை இழந்தவர். மூவாயிரம் திருடர்களைக் குரலை வைத்தே இனம் காண்பார் என்று ஊரே பேசிக்கொண்டது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் உருவகம் சொல்வதற்கு நேர்மாறு அல்லவா இது? எதிரே நிற்பவன் யாரென்று பார்வையற்ற நீதிபதிக்குத் தெரியாது என்று உருவகம் நினைக்கிறது. ஃபீல்டிங்குக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அவர் நடுநிலை தவறவில்லை என்றால், அந்தப் புகழ் அவர் மனசாட்சிக்கு உரியது. கண்ணுக்கு உரியது அல்ல.

அமெரிக்க அரசியல் சட்டம் 'கலர்-பிளைண்ட்', அதாவது நிறம் பாராதது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் 1896இல் தனித்து நின்று எழுதிய மறுப்புத் தீர்ப்பையும் எடுத்துக்காட்டினார்கள். ரயில் பெட்டிகளில் கறுப்பினத்தவரைப் பிரித்து உட்காரவைத்த சட்டத்தை எதிர்த்து எழுதியது. அந்தத் துணிவுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அதே பத்தியில், சற்று முன்னால், வெள்ளையினமே இந்நாட்டின் மேலோங்கிய இனம், தன் மரபுக்கு உண்மையாக இருந்தால் என்றைக்கும் அப்படியே இருக்கும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். நிறத்தைத் துல்லியமாகப் பார்த்துவிட்டுத்தான், சட்டம் அதைப் பார்க்காது என்றார். இங்கேயும் பார்த்தவர் வேறு. பேர் போனது வேறு.

பேசுகிறவர் பார்வையற்றவரை நினைத்துப் பேசுவதில்லை என்கிறார்கள். நினைக்காமல் பேசுவதுதானே என் வேதனை! கணினித் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானில் ஆங்கிலத் தலையங்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் பார்வையற்ற பட்டதாரிக்கு, அரசின் மடமையும் அதிகாரியின் அலட்சியமும் கும்பலின் வெறியும் தன் பெயரிலேயே வந்து விழுகின்றன. நாளை அவர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால், எதிரே அமர்ந்திருப்பவர் சிறுவயது முதல் படித்த ஆங்கிலம் அவரைப் பற்றி ஏற்கெனவே சான்றிதழ் எழுதிக் கொடுத்திருக்கிறது. அவர் தடவிக்கொண்டு நிற்பார், அவருக்குத் தெரியாது, அவரை நம்பி விட முடியாது என்று.

அந்தச் சொல்லையே ஒழிக்கச் சொல்கிறீர்களா என்றால், இல்லை. 1940இல் தொடங்கிய அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு, 'பிளைண்ட்' என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. சுற்றி வளைத்த இடக்கரடக்கல் வேண்டாம், எங்களை நேராகவே பிளைண்ட் என்று சொல்லுங்கள் என்று 1993இல் தீர்மானமே போட்டது. அவர்கள் அந்தச் சொல்லுக்குக் கூசவில்லை. தங்களுடைய உடல்நிலையைச் சொல்லும் சாதாரணச் சொல்லாக அதைத் தங்களிடம் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

அப்படியானால் எதை எழுதுவது என்பது கடைசிக் கேள்வி. மருந்து ஆராய்ச்சியில், உண்மை மருந்து யாருக்கு, போலி மருந்து யாருக்கு என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைப்பதை 'டபுள்-பிளைண்ட்' என்பார்கள். கண் மருத்துவத்தில் பல ஆராய்ச்சியாளர்கள் அப்படி எழுதுவதில்லை. 'மாஸ்க்ட்', அதாவது மறைக்கப்பட்டது என்கிறார்கள். பார்வையைக் காப்பாற்றிக்கொள்ள வந்த நோயாளியின் ஒப்புதல் படிவத்தில், இந்த ஆய்வில் நீங்கள் பிளைண்ட் ஆக்கப்படுவீர்கள் என்று அச்சடித்துக் கொடுக்க எந்த மருத்துவருக்கு மனம் வரும்? பெயரை மாற்றியதால் அவர்கள் ஆய்வின் தரம் ஒரு இம்மியும் குறையவில்லை. அமெரிக்க நீதிமன்றங்களில், ஜூரிகளுக்கு முன்பு சொன்ன 'வில்ஃபுல் பிளைண்ட்னெஸ்' என்ற அதே சட்டக் கொள்கையை விளக்கும்போது 'டெலிபரேட் இக்னரன்ஸ்', வேண்டுமென்றே அறியாமல் இருத்தல் என்ற பெயரும் வழங்குகிறது. அரசு ஓர் அறிக்கையைப் படித்துவிட்டுப் புறக்கணித்தால், புறக்கணித்தது என்று எழுத ஆங்கிலத்தில் சொல் இருக்கிறது. அதிகாரி ஊழலுக்கு உடன்பட்டிருந்தால், உடன்பட்டார் என்று எழுதவும் இருக்கிறது. அப்படி எழுதினால் குற்றம் செய்தவர் தப்பிக்கவும் முடியாது.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவரின் மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்துவிட்டேன். பார்வை இழந்த ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் பற்றி எங்கள் அணியின் அடுத்த பேச்சாளர் விரிவாகப் பேசவிருப்பதால், நேரத்தை அவருக்கு விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.