செருப்பில் செய்த யானை

(சிற்பம் பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நண்பர்களே, கரை ஒதுங்கும் குப்பையில் கலை செய்கிறவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். எல்லோரையும் பற்றிப் பேசினால் பட்டியலாகிவிடும். நான் கென்யாவுக்கு மட்டும் உங்களைக் கூட்டிப்போகிறேன்.

சோமாலியா எல்லைக்குப் பக்கத்தில் லாமு தீவுக்கூட்டம் இருக்கிறது. அதில் கிவாயு ஒரு சின்னத் தீவு. 1990களின் பிற்பகுதியில் கடல்வாழ் உயிர்ப் பாதுகாப்பு வேலையாக ஜூலி சர்ச் என்பவர் அங்கே போனபோது, கரையெல்லாம் ரப்பர் செருப்பு. நாம் ஹவாய் செருப்பு என்கிறோமே, அதேதான். உள்ளே காற்று நிறைந்த பொருள், எத்தனை தூரமானாலும் மிதந்து வந்துவிடும். ஆமை முட்டையிட ஏறிவரும் மணலில் அது குவிந்து கிடந்தது. ஊர்ப் பிள்ளைகளோ அதை வெட்டி விளையாட்டுச் சாமான் செய்துகொண்டிருந்தார்கள். முதல் கலைஞர்கள் அவர்கள்தான், இதை மறந்துவிடாதீர்கள். அதைப் பார்த்த சர்ச், தீவுப் பெண்களைச் செருப்புகளைச் சேகரித்துக் கழுவிப் பொம்மை செய்ய ஊக்குவித்தார். இன்றைய 'ஓஷன் சோல்' நிறுவனம் அப்படி வளர்ந்ததுதான்.

செய்முறை எளிது. செருப்புகளைக் கழுவி, அடுக்கி, பசை போட்டுப் பெரிய கட்டியாக்குகிறார்கள். பிறகு மரம் செதுக்குவதுபோலக் கத்தியால் செதுக்கி, தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். செதுக்குகிறவர்களில் பலர் முன்பு மரச்சிற்பிகள். கைநேர்த்தி அங்கிருந்து வந்தது. யானை, ஒட்டகச்சிவிங்கி என்று ஆளுயரத்துக்கு மேலும் செய்கிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது, சாயம் பூசாததுதான். யானையின் முதுகில் ஓடும் நீலக்கோடு யாரோ ஒருவருடைய குதிகால் பட்டுத் தேய்ந்த செருப்பு. அந்தக் கோட்டை மறைத்துவிட்டால் மிஞ்சுவது கடை பொம்மை. உண்மையைச் சொன்னால், அவர்களுடைய சிறிய பொம்மைகளில் சில எனக்கு அப்படித்தான் தோன்றுகின்றன. ரொம்ப அழகாக இருக்கின்றன, எங்கிருந்து வந்தன என்பதே தெரியவில்லை.

லாமுவிலேயே இன்னொரு வேலை நடந்தது. அலி ஸ்காண்டா பரம்பரையாக மரப்படகு கட்டுகிறவர். அவரும் கூட்டாளிகளும் கழிவுப் பிளாஸ்டிக்கை உருக்கி, படகின் அடிக்கட்டையும் பலகையுமாக வார்த்து, வழக்கமான உளி, ரம்பத்தால் இழைத்து, சுமார் 9 மீட்டர் நீளப் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டினார்கள். பெயர் 'ஃப்ளிப்ஃப்ளோப்பி'. பத்து டன் அளவுக்குப் பிளாஸ்டிக், வெளிப்புறம் முழுக்க 30,000 செருப்புகளின் ஒட்டு. 2018இல் கட்டி முடித்து, 2019 தொடக்கத்தில் தான்சானியாவின் சான்சிபார் தீவு வரை ஏறக்குறைய 500 கிலோமீட்டர் ஓட்டிப் போனார்கள். வாடைக்காற்று அந்தப் பருவத்தில் தெற்கே தள்ளும். பழைய வணிகப் படகுகளும் அந்தக் காற்றை நம்பித்தான் போயின. பார்வைக்கு வைத்த சிற்பத்தை யாரும் இப்படிச் சோதிப்பதில்லை. இது ஒழுகியிருந்தால் ஆள் மூழ்கியிருப்பார்!

சரி, இதனால் கடல் சுத்தமாகுமா? ஆகாது. 2017 ஆகஸ்டில் கென்யா பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டதே, குப்பையைக் குறைக்கும் வழி அந்தப் பக்கம் இருக்கிறது. நம் வேலை, வந்து சேர்ந்ததை ஜனங்கள் நின்று பார்க்கும்படி செய்வது.

அப்புறம், வீட்டில் அடுப்பில் வைத்து எதையும் உருக்காதீர்கள், அந்தப் புகை கெட்டது. தேய்க்கும்போது முகக்கவசம் வேண்டும். பின்னறையில் கழுவிக் காயவைத்த கரைக்குப்பை மூட்டை மூட்டையாக இருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் டப்பா மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.