எம்எச்370: டியாகோ கார்சியாக் கதைய நான் ஏன் நம்பேல்ல

வணக்கம் மக்களே. நிக்கிறது டச் பே கடற்கரையில, பின்னால தெரியிறது கோணேசர் மலை. காத்து இரையுது, மைக்கில சத்தம் வந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஊர்த் தேத்தண்ணிக் கடையில காணாமப் போன மலேசிய விமானம் எம்எச்370 எண்டு வாயத் திறந்தாப் போதும், "அத அமெரிக்காக்காரன் டியாகோ கார்சியாவில இறக்கிப் போட்டான்" எண்டு கதைய முடிச்சிடுவினம். இந்து சமுத்திரத்தில அமெரிக்காவிண்ட இராணுவத் தளம் இருக்கிற தீவுதான் அது. நானும் கொஞ்சக் காலம் அதைத்தான் சொல்லித் திரிஞ்சனான், ஒளிக்கேல்ல.

2014 மார்ச் 8, கோலாலம்பூர்ல இருந்து பீஜிங்குக்கு 239 பேரோட வெளிக்கிட்ட போயிங் 777. இரவு 1.19க்கு 'குட் நைட்' சொன்னதுதான் கடைசிப் பேச்சு. ரெண்டு நிமிசத்தில ராடார் திரையில இருந்து மறைஞ்சிட்டுது. ஆனா இராணுவ ராடார்ல, அது திரும்பி மலேசியாவைக் குறுக்கறுத்து, பினாங்குப் பக்கத்தால மலாக்கா நீரிணைக்குப் போனது தெரிஞ்சுது. 2.22க்கு அதுவும் இல்லை.

இனித்தான் விசயம். நாங்க கதைக்காட்டியும் போன் டவரோட 'இருக்கிறன்' எண்டு சொல்லிக்கொண்டிருக்கும்தானே? அப்பிடி இந்த விமானமும் இன்மார்சாட் செய்மதியோட காலம 8.19 வரைக்கும் தொடர்பில இருந்திருக்கு. சிக்னல் போய்வந்த நேரத்தை வச்சுத் தூரம் கணக்குப் போடலாம், இடம் சொல்லேலாது. வீச்சு வலை எறிஞ்சா ஈயமெல்லாம் வட்டமா விழும் பாருங்கோ, அந்த ஈயத்தில எதிலயோ ஒண்டிலதான் விமானம். செய்மதி நிக்கிறது இந்து சமுத்திரத்துக்கு மேல. டியாகோ கார்சியா வலையிண்ட நடுவுக்குக் கிட்டக் கிடக்கு! அங்க இறங்கியிருந்தா அந்தக் கணக்கு வரவே வராது. எண்ணெய் முடிஞ்சு கரண்ட் அறுந்து திரும்ப வந்ததாலதான் அந்தக் கடைசி சிக்னல் எண்டு விசாரிச்சவை சொல்லுகினம்.

இன்னொரு கதை, சரக்கில இருந்த லித்தியம் பற்றரி தீப்பத்தினதாம். பத்தின விமானம் விடியும்வரை பறக்குமே? விமானியே செய்தவர் எண்டுறது பலமான கதைதான், ஆனா 2018 மலேசிய அறிக்கை, ஆரோ கையால திருப்பினது எண்டதோட நிண்டிட்டுது. வேற ஆள் தலையிட்டிருக்கலாம் எண்டதையும் தள்ளேல்ல. அதுக்கு மேல நான் ஆரையும் கூண்டில ஏத்த மாட்டன்.

இதப் பாருங்கோ, இண்டைக்குக் காலம கரையில ஒதுங்கின மிதப்பு. அடியில சிப்பி அப்பி, தொட்டா அரம் மாதிரி. 2015 ஜூலையில ரீயூனியன் தீவில ஒதுங்கின சிறகுத் துண்டிலயும் இப்பிடிச் சிப்பி ஒட்டியிருந்தது. அதுகள் வளந்த அளவை வச்சு எவ்வளவு காலம், எந்தச் சூட்டுத் தண்ணியில மிதந்தது எண்டு பாத்தவை. 2025இல மலேசியா திரும்பத் தேட ஒப்பந்தம் போட்டது, கண்டுபிடிச்சாத்தான் 70 மில்லியன் டொலர்.

ஐயோ மாமா, கத்திய வையுங்கோ! வலைக்குத் தாறன், சுரண்டாதீங்கோ, கிட்ட வச்சு இன்னும் எடுக்கேல்ல...