ஞாயிற்றுக்கிழமை இரவுகள்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பொருளாதார வரலாற்றைப் படிக்கும்போது பக்கத்தில் ஒரு காலண்டரை வைத்துக்கொள்ளுங்கள். பெரிய முடிவுகள் பலவும் சனி, ஞாயிறுகளில் வந்து விழுந்திருக்கும். காரணம் சாதாரணமானதுதான். வங்கியும் பங்குச் சந்தையும் பூட்டிக் கிடக்கும் நேரம் அது. திங்கள் காலை கதவைத் திறப்பதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்ட சில வார இறுதிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முதல் கதைக்கே பாதி நேரம் போய்விடும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

1933 மார்ச் 4, சனிக்கிழமை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்ற நாள். அன்று விடிவதற்குள் நியூயார்க்கும் இல்லினாயும் தங்கள் வங்கிகளை மூடிவிட்டன. சுமார் மூன்று வாரம் முன்பு மிச்சிகன் மாநில ஆளுநர் எட்டு நாள் வங்கி விடுமுறை அறிவித்திருந்தார்; அங்கே பிடித்த தீ இது. ஒரு மாநிலம் மூடினால் அடுத்த மாநிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஓடுவார். நாட்டில் நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் வேறு.

வங்கியில் நாம் போட்ட பணம் இரும்புப் பெட்டிக்குள் நம் பெயர் எழுதி உட்கார்ந்திருக்கவில்லை. யாரோ ஒருவரின் வீட்டுக் கடனாக, இன்னொருவரின் விதைக் கடனாக வெளியே போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் ஒழுங்கான வங்கியும் கவிழ்ந்துவிடும். நம்பாதவர்களாலேயே அவர்கள் பயந்தது நடந்துவிடும். இதுதான் இதில் உள்ள வேடிக்கை, கொடுமையும்கூட.

ரூஸ்வெல்ட் 6-ஆம் தேதி நாடு முழுவதும் வங்கிகளை மூடினார். 9-ஆம் தேதி அவசரச் சட்டம். பிரதிநிதிகள் சபையில் உறுப்பினர்கள் கையில் கொடுக்க அச்சிட்ட பிரதிகூட இல்லை; இருந்ததை உரக்கப் படித்தார்கள், நாற்பது நிமிட விவாதம், நிறைவேற்றிவிட்டார்கள். அன்று இரவே கையெழுத்து. சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்களில் தேர்தலில் தோற்றுப்போன முந்தைய அதிபர் ஹூவரின் நிதித்துறை அதிகாரிகளும் இருந்தார்கள். தேர்தல் பகையை நான்கு நாள் தள்ளி வைத்துவிட்டு ஒரே மேசையில் வேலை பார்த்தார்கள். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

மார்ச் 12, ஞாயிறு இரவு 10 மணி. வானொலியில் ரூஸ்வெல்ட். சுமார் ஆறு கோடிப் பேர் கேட்டார்கள். வங்கி என்றால் என்ன, உங்கள் பணம் எங்கே போகிறது, நாளை முதல் எந்த வங்கிகள் எந்த வரிசையில் திறக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னார். பணத்தை மெத்தைக்கு அடியில் வைப்பதைவிடத் திறந்த வங்கியில் வைப்பதுதான் பத்திரம் என்றார். வங்கிக்காரர்களுக்கே புரியும்படி பேசிவிட்டார் என்று நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் கிண்டலடித்தார்.

திங்கள் காலை மறுபடியும் வரிசை. ஆனால் இந்த முறை பணத்தைத் திருப்பிப் போட! வீட்டில் பதுக்கியதில் பாதிக்கு மேல் இரண்டே வாரத்தில் வங்கிக்கு வந்துவிட்டது. 15-ஆம் தேதி பங்குச் சந்தை திறந்ததும் அதன் டௌ ஜோன்ஸ் குறியீட்டெண் 15 சதவீதத்துக்கு மேல் ஏறியது. ஒரே நாளில் அவ்வளவு ஏற்றம் அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை.

வங்கி கவிழ்ந்தாலும் போட்ட பணம் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்க வழிசெய்யும் டெபாசிட் காப்பீட்டுக்கும் அதே ஆண்டு சட்டம் வந்தது. தொடக்க வரம்பு ஓர் ஆளுக்கு 2,500 டாலர். இன்று அது ரூஸ்வெல்டின் சாதனைப் பட்டியலில் இருக்கிறது. உண்மையில் அவருக்கு அதில் ஆரம்பத்தில் விருப்பமே இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் சிலர் விடாப்பிடியாக நின்றார்கள், இறங்கி வந்தார்.

சரி, அடுத்த ஞாயிறு. 1971 ஆகஸ்ட் 15. அதிபர் நிக்சன் தன் ஆட்களுடன் கேம்ப் டேவிட் மலை விடுதியில் மூன்று நாள் கதவை அடைத்துக்கொண்டு பேசிவிட்டு, தொலைக்காட்சிக்கு வந்தார். ஞாயிறு இரவு மக்கள் விரும்பிப் பார்க்கும் கௌபாய் தொடரை நிறுத்திவிட்டுப் பேசினால் கோபித்துக்கொள்வார்களோ என்பதுகூட அவருக்குக் கவலையாம். அதுவரை வெளிநாட்டு அரசுகள் அமெரிக்க அரசிடம் 35 டாலர் கொடுத்தால் ஒரு அவுன்ஸ் தங்கம் வாங்கலாம். அதை நிறுத்தினார். "தற்காலிகமாக" என்று சொல்லித்தான் நிறுத்தினார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை.

அந்த மலை விடுதிக் கூட்டத்தில் ஆறடி ஏழங்குல உயரத்தில், சுருட்டும் கையுமாக ஒரு நிதித்துறை அதிகாரி இருந்தார். பால் வோல்க்கர். எட்டு ஆண்டுகள் கழித்து அவரே அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவர். 1979 அக்டோபர் 6, சனிக்கிழமை மாலை, திடீரென்று நிருபர்களைக் கூப்பிட்டு, விலைவாசியை அடக்கப் பணப் புழக்கத்தை இறுக்கப் போவதாக அறிவித்தார். வட்டி 20 சதவீதத்தைத் தொட்டது. வீட்டுக் கடன் 18 சதவீதம். அந்த வட்டிக்கு யார் வீடு கட்டுவார்? கட்டடக்காரர்கள் தங்களுக்கு வேலையில்லாமல் போன மரச் சட்டங்களைத் துண்டு போட்டு, அதன்மேலேயே முகவரியும் "வட்டியைக் குறையுங்கள்" என்ற வேண்டுகோளும் எழுதித் தபாலில் அனுப்பினார்கள். கார் விற்பவர்கள் விலைபோகாத கார்களின் சாவிகளை அனுப்பினார்கள். விவசாயிகள் டிராக்டரோடு வாஷிங்டனுக்கே வந்துவிட்டார்கள். 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதம். விலைவாசி அடங்கியது உண்மை. ஆனால் அவரைக் கொண்டாடும் கட்டுரைகளில் அந்த மரத்துண்டுகள் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை என்பது என் குறை.

2008 நிதி நெருக்கடியை நீங்களே நேரில் பார்த்திருப்பீர்கள், விட்டுவிடுகிறேன்.

கடைசியாக 2023. மார்ச் 9, ஒரே நாளில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து 4,200 கோடி டாலர் வெளியேறியது. வரிசையும் இல்லை, தள்ளுமுள்ளும் இல்லை; பெரும்பாலும் போனிலும் கணினியிலுமே முடிந்துவிட்டது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. காப்பீட்டு வரம்பு 2,50,000 டாலர். அங்கிருந்த டெபாசிட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அந்த வரம்புக்கு வெளியே. எல்லோருக்கும் முழுப் பணமும் கிடைக்கும் என்று அரசு அறிவித்தது மார்ச் 12. ஞாயிறு மாலை. ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி அன்றோடு சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள்.

மறுநாள் காலை சாண்டா கிளாராவில், அந்த வங்கியின் வாசலில் வரிசை நின்றது. இவர்கள் பணம் எடுக்க வந்தவர்கள்.