எண்ணெய்க் காசு யார் கையில்?

நண்பர்களே, மணலி சுத்திகரிப்பு ஆலையில் ஈரானுக்குப் பங்கு உண்டு என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? 1965-ல் அந்த ஆலைக்காக மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனம் தொடங்கியபோது இந்திய அரசும் அமெரிக்காவின் அமோகோவும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து முதல் போட்டன. 1979-ல் மன்னர் ஷா ஓடினார், இஸ்லாமியக் குடியரசு வந்தது. பங்கு அப்படியே இருந்தது.

அந்த நாட்டுக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான். ஷாவின் குடும்ப அறக்கட்டளையிடம் ஹோட்டல்களும் ஆலைகளும் நிலங்களும் இருந்தன. புரட்சி அவற்றைப் பறித்து, ‘ஒடுக்கப்பட்டோர் அறக்கட்டளை’ என்று புதுப் பெயர் வைத்தது. பெயர் நல்ல பெயர்தான்! ஆனால் அது கணக்குச் சொல்வது, அதிபருக்கும் மேலே இருக்கும் மதத் தலைவரான உச்சத் தலைவரிடம், நாடாளுமன்றத்திடம் அல்ல. இத்தகைய அமைப்புகளை அங்கே ‘போன்யாத்’ என்பார்கள். வரிச்சலுகையோடு பல தொழில்களில் கால் பதித்தவை. அப்புறம், புரட்சியைக் காக்கவென்று அமைத்த தனி ராணுவமான புரட்சிகரக் காவல்படை. ஈராக்குடன் நடந்த போரில் இடிந்ததைக் கட்ட வந்த அதன் கட்டுமானப் பிரிவு அணை, சாலை, எரிவாயு வயல் என்று ஒப்பந்தங்களை எடுத்தது. பொருளாதாரத் தடை வந்து வெளிநாட்டு நிறுவனங்கள் கிளம்பக் கிளம்ப, இவர்களுக்கு இடம் விரிந்தது.

சரி, தேர்தல் நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது. உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது, மக்கள் வாக்களித்து அனுப்பும் மதகுருக்களின் நிபுணர் அவை. அந்த அவைக்கு யார் போட்டியிடலாம் என்று வடிகட்டுவது 12 பேர் கொண்ட பாதுகாவலர் அவை. அதில் 6 பேரை நியமிப்பவர் உச்சத் தலைவர். இரண்டு முறை அதிபராக இருந்த ரஃப்சஞ்சானியையே 2013 அதிபர் தேர்தலில் நிற்கவிடாமல் தள்ளிவிட்டார்கள்!

ஆக, சாதாரண ஈரானியருக்கு எண்ணெய்ச் செல்வத்தில் தன் பங்கு கண்ணில் படும் இடம் பெட்ரோல் பங்க். 2010 டிசம்பரில் ஒதுக்கீட்டு பெட்ரோல், அதாவது மாத அளவுக்குள் மலிவாகத் தரும் பெட்ரோல், லிட்டர் 1,000 ரியாலிலிருந்து 4,000 ரியாலானது. நான்கு மடங்கு! தெரு பெரிதாகக் கொதிக்கவில்லை. காரணம், ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் மானியம் என்று சொல்லி, விலையேற்றத்துக்கு முன்பே குடும்பத் தலைவரின் வங்கிக் கணக்கில் பணம் போட்டிருந்தார்கள். கணக்கில் தெரியும், எடுக்க முடியாது. விலை ஏறிய அன்றுதான் எடுக்கவிட்டார்கள். அன்றைய அதிபர் அகமதிநிஜாத் மேல் எனக்கு மதிப்பு குறைவு; இந்த ஏற்பாட்டில் சாமர்த்தியம் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் தொகையை விலைவாசியோடு சேர்த்து உயர்த்தவில்லை. பத்து வருடத்தில், வெளிச்சந்தை மதிப்பில் அது இரண்டு டாலர்கூடத் தேறவில்லை.

2019 நவம்பரில் முறை தலைகீழ். நள்ளிரவில் அறிவிப்பு: ஒதுக்கீட்டுக்கு 15,000 ரியால், மாதம் 60 லிட்டரைத் தாண்டினால் 30,000. பணம் தருவோம் என்றார்கள், ஆனால் விலை ஏறிய பிறகு. ஊர் ஊராகப் பற்றி எரிந்தது. இணையத்தை முடக்கினார்கள். முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி பதிவு செய்தது.

அந்த விலையை முடிவு செய்தது நாடாளுமன்றமா? இல்லை. அதிபர், சபாநாயகர், நீதித்துறைத் தலைவர் மூவரும் தங்கள் மன்றத்தில் முடிவெடுத்தார்கள். உறுப்பினர்கள் சிலர் அதைத் திரும்பப் பெறவைக்கத் தீர்மானம் தயாரித்தார்கள். விலையேற்றத்தை ஆதரிப்பதாக உச்சத் தலைவர் சொன்னதும் அதைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.