குடத்துக்குள் எரியும் விளக்கு

(பல்கலைக்கழகக் காட்சியகத்தில் சமகாலக் கலைக் கண்காட்சியைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாண்பமை துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, ஆட்சிக்குழு உறுப்பினர்களே, கவின்கலைத் துறைத் தலைவர் அவர்களே, இந்தக் காட்சியகத்தைத் தம் பிள்ளைபோல் வளர்த்துவரும் கியூரேட்டர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ஓவியர்களே, பேராசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் சுவரோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

துணைவேந்தர் அவர்கள் ஒரு படம் விடாமல் பார்த்து முடித்த பிறகே மேடை ஏறினார்கள். நாடாவை வெட்டிய கையோடு காரில் ஏறுகிறவர்களையே பார்த்துப் பழகிய எனக்கு அது நிறைவாக இருந்தது. அவர்களுக்குத் தனி வணக்கம். நேற்று நள்ளிரவு வரை ஏணியில் நின்று ஆணியடித்து, விளக்குகளைத் திருப்பித் திருப்பிப் பொருத்திய ஊழியர்கள் மேடையில் இல்லை. அவர்களுக்காக ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்குக் காட்சியகம் எதற்கு? சமகாலக் கலையை எப்படிப் பார்ப்பது? படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற குறிப்பை யாருக்காக எழுதுவது?

முதலாவது. விற்பனைக் கலைக்கூடத்துக்கு வாடகை உண்டு, விற்றே ஆகவேண்டும். ஒரு கலைஞர் அறை முழுக்க மண்ணைப் பரப்பி, அதில் விதை முளைப்பதையே படைப்பாக வைத்தால் அதை யார் வாங்கிப்போவார்? பல்கலைக்கழகம் அந்த மண்ணுக்கு இடம் கொடுக்க முடியும். அந்த விதையைப் பற்றிச் சொல்லப் பக்கத்துக் கட்டடத்திலேயே தாவரவியல் பேராசிரியர் இருக்கிறார். இந்த வசதி வேறெங்கும் கிடையாது. ஆனால், குடத்திலிட்ட விளக்கு என்று நம் முன்னோர் சொன்னார்களே, அதைத்தான் நான் பல வளாகங்களில் பார்க்கிறேன். விளக்கு நன்றாகவே எரிகிறது. குடத்துக்கு வெளியே இருக்கிறவனுக்குத்தான் வெளிச்சம் இல்லை.

இரண்டாவதற்கு என் அம்மாவின் கதையைச் சொல்கிறேன். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்து எங்களை வளர்த்தவர். ஒரு பல்கலைக்கழகத்தில் துணிகளால் ஆன நிறுவல் ஒன்று, அதாவது ஓர் அறையையே நிரப்பி அமைக்கும் கலைப்படைப்பு, வைத்திருந்தார்கள், பெயர் வேண்டாம். நூற்றுக்கணக்கான சட்டைகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்று அழைத்துப் போனேன். வாசலில் காவலர், “அம்மா, நீங்க எந்தத் துறை? கார்டு இருக்கா?” என்றார். அம்மா, “எனக்கு ஏது தம்பி கார்டு?” என்றார். நான் உள்ளே போய் ஒரு கையெழுத்து வாங்கினேன். அது போதாது, இன்னொருவரும் போடவேண்டும் என்றார்கள். அந்த இன்னொருவர் கூட்டத்தில் இருந்தார். அவர் வந்தபோது நாலரை மணி, காட்சியகத்தைப் பூட்டிவிட்டார்கள். அம்மா அவ்வளவு நேரமும் வாசல் மரத்தடியில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஞாயிறு, விடுமுறை. திங்கட்கிழமை திரும்பப் போனோம். அதே காவலர், “வாங்கம்மா, நானே கூட்டிட்டுப் போறேன்” என்று எங்களோடு வந்தார்.

படைப்புக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த குறிப்பட்டையை நான் இரண்டு முறை படித்தேன், புரியவில்லை. அம்மா அட்டையின் பக்கம் திரும்பவே இல்லை. சட்டைகளுக்கு நடுவே அண்ணாந்தபடி நடந்தார். ஓரிடத்தில் நின்று, “இதப் பாருடி, எல்லாம் உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி தொங்குது. அக்குள்ள பிரிச்சு மறுபடி தச்சிருக்கு. இதெல்லாம் உழைக்கிறவங்க போட்டுக் கிழிஞ்ச சட்டை. கைய ஓங்கி ஓங்கி வேல செஞ்சாத்தான் இந்த எடம் விடும்” என்றார். கலைஞர் சொல்ல வந்தது அதுதான். பக்கத்தில் நின்ற காவலர் தன் சட்டையின் அக்குளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஆறு வருடமாக அந்த வாசலில் நிற்கிறாராம். அன்றுதான் முதன்முறையாக உள்ளே வந்ததாகச் சொன்னார்.

சமகாலக் கலை புரியவில்லை என்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். புரிகிறவர்கள் பலர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

வரலாறும் இதைச் சொல்கிறது. ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1683இல் திறந்தது. கட்டணம் கொடுத்தவர் யாரும் நுழையலாம். 1710இல் வந்த ஜெர்மானிய அறிஞர் ஊஃபென்பாக், ஒரே நாட்டுப்புறக் கூட்டம், ஆறு பென்னி கொடுத்தால் பெண்களைக்கூட விடுகிறார்கள் என்று குறைப்பட்டு எழுதினார். அவர் குறையாக எழுதியதை நான் பெருமையாக வாசிக்கிறேன்.

1927இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் படிப்பறை ஒன்றில் ஓவியரும் கலைச் சேகரிப்பாளருமான ஏ. ஈ. காலட்டின் தம் சேகரிப்பை மாட்டி, ‘வாழும் கலைக் காட்சியகம்’ என்று பெயரிட்டுத் திறந்தார். அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகம் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. பின்னாளில் பிக்காசோவின் ‘மூன்று இசைக்கலைஞர்கள்’கூட அங்கே இருந்தது. நுழைவு இலவசம். அர்ஷீல் கார்க்கி போன்ற இளம் ஓவியர்கள் அங்கே வந்து பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். 1942 இறுதியில், இடம் வேறு வேலைக்கு வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. படங்கள் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குப் போயின. 1975இல் அதே பல்கலைக்கழகம் கிரே காட்சியகத்தைத் திறந்தது; போன படங்கள் போனவைதான். குன்றின்மேல் இருந்த விளக்கைத் தாங்களே இறக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

குறிப்பட்டை பற்றிய மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. துணைவேந்தர் அவர்களிடம் ஒரு கோரிக்கை வைக்கவேண்டும். அதுதான் எனக்கு முக்கியம். வாசலில் அடையாள அட்டை கேட்பதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமையும், வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை ஏழு மணி வரையும் திறந்துவையுங்கள். கட்டணம் வேண்டாம். ஹார்வர்டின் கலை அருங்காட்சியகங்கள் 2023இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டன. யேல் பல்கலைக்கழகத்தில் 1832இல் தொடங்கிய காட்சியகத்துக்கும் இன்று கட்டணம் இல்லை. பாதுகாப்புக்கு ஆள் வேண்டும் என்பார்கள், உண்மைதான். சுவரோரம் நிற்கும் இந்த மாணவர்களை வழிகாட்டிகளாக நியமியுங்கள், ஊதியம் கொடுங்கள். குடத்தை உடைக்கச் சொல்லவில்லை ஐயா, விளக்கை வெளியே எடுத்துவைக்கச் சொல்கிறேன்.

இந்தக் கண்காட்சி முடிவதற்குள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் வருகின்றன. அனுமதி கொடுத்தால், முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மாவோடு வாசலில் நிற்பேன். அட்டை இல்லாமல் வருகிறவர்களை நாங்கள் இருவரும் உள்ளே அழைத்துப் போகிறோம். வணக்கம்.