எழுந்து கொடுத்த நாற்காலி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மொரீஷியஸ் நாட்டுக்கு உகந்தது கூட்டணி ஆட்சியே என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணித் தலைவர் ஒரு வார்த்தை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். "மொரீஷியஸ் கூட்டணி என்பது தாலிக் கயிற்றின் மஞ்சள் வெளுக்கும் முன்னே முறிகிற கல்யாணம்" என்றார். 1982-இல் எம்.எம்.எம். எனப்படும் மொரீஷியஸ் போராளி இயக்கக் கட்சியும் அதன் தோழமைக் கட்சியும் தீவின் 20 தொகுதிகளில் உள்ள 60 இடங்களையும் வென்றன. 1983 மார்ச்சில் நிதியமைச்சர் பால் பெராஞ்சே விலகினார், கூட்டணி உடைந்தது. 1995-இல் தொழிற்கட்சியும் எம்.எம்.எம்.மும் சேர்ந்து மறுபடியும் 60 இடங்களையும் வென்றன, 1997-இல் பிரிந்தன. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, முறிந்த அந்த இரண்டும் தீவில் எதிராளிக்கு ஓர் இடம்கூட விடாமல் வென்ற கூட்டணிகள். எதிரி வாசலில் நிற்கும்வரை அண்ணன் தம்பி சண்டை வெளியே வராது. வாசல் காலியானால் அன்றே பாகப்பிரிவினை தொடங்கிவிடும். 2024 நவம்பரில் தொழிற்கட்சித் தலைவர் நவீன் ராம்கூலமும் எம்.எம்.எம். தலைவர் பெராஞ்சேயும் கைகோத்து மீண்டும் அதே 60 இடங்களை வென்றபோது, எனக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே மிகுந்தது. குறை கூட்டணியில் இல்லை, எதிர்க்கட்சி இல்லாமல் போனதில் இருக்கிறது.

மஞ்சள் வெளுக்கும் கதையைச் சொன்னவர், அதே வீட்டில் நடந்த இன்னொரு கதையைச் சொல்லவில்லை. 1983-இல் பிரிந்த இருவர் யார்? பிரதமர் அனிரூத் ஜக்நாத், நிதியமைச்சர் பெராஞ்சே. இடையில் 1991-இலும் சேர்ந்து, 1993-இல் பிரிந்தவர்கள். அந்த இருவரும் 2000-இல் மூன்றாம் முறையாகக் கைகோத்தார்கள். முதல் மூன்று ஆண்டுகள் ஜக்நாத் பிரதமர், மீதி இரண்டு ஆண்டுகள் பெராஞ்சே பிரதமர் என்பது உடன்பாடு. தீவின் 60 இடங்களோடு ரோட்ரிக்ஸ் தீவின் 2 இடங்களும் சேர்ந்த நாடாளுமன்றத்தின் 62 தேர்தல் இடங்களில் 54 கிடைத்தன. மூன்று ஆண்டுகள் ஓடின. இருமுறை தன்னைவிட்டுப் பிரிந்தவருக்கு எந்தப் பிரதமர் எழுந்து இடம் கொடுப்பார்? ஒரு காரணமா கிடைக்காது? நாட்டு நிலைமை என்று சொல்லலாம், மக்கள் விருப்பம் என்று சொல்லலாம். ஜக்நாத் ஒன்றும் சொல்லவில்லை. 2003 செப்டம்பர் 30 அன்று எழுந்தார்! மீண்டும் சொல்கிறேன், அவையோரே, உட்கார்ந்திருந்த பிரதமர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பெராஞ்சே உட்கார்ந்தார். பிரெஞ்சு வழிவந்த, மக்கள்தொகையில் மிகச் சிறிய சமூகத்தின் பிள்ளை அந்த நாட்டின் பிரதமரானார். தனிக்கட்சி ஆட்சியில் அந்தச் சமூகத்துக்கு இந்த வாசல் என்றைக்குத் திறந்திருக்கும்? மொரீஷியஸ் தீவில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று ஓட்டு. மூன்று ஓட்டும் ஒரே சாதிக்கோ ஒரே மதத்துக்கோ போய்விடாமல் பிறரையும் பட்டியலில் சேர்க்க வைப்பது கூட்டணிதான்.

இதோ, என் கையில் ஒரு மொரீஷியஸ் ரூபாய் நோட்டு. ஆங்கிலத்துக்குக் கீழே பாருங்கள், தமிழ். அதற்கும் கீழே இந்தி. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரியிலிருந்து கல்தச்சராகவும் கொத்தராகவும் போனவர்களின் எழுத்து இது. 1998-இல் வந்த புதிய நோட்டில் தமிழ் ஒரு வரி கீழே இறங்கியது. அங்குள்ள தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அச்சடித்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன, தமிழ் பழைய இடத்துக்கு ஏறியது. தைப்பூசத்துக்கு நாடே விடுமுறை விடுகிறது. கப்பலேறிப் போன அந்த முப்பாட்டன்களில் பலர் திரும்பி ஊர் பார்க்கவே இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கு இன்று தமிழ் பேசவும் வராது. ஆனாலும் இந்த ஒரு வரி இறங்கியதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. எண்ணிக்கையில் சிறியவர்களின் வலியை ஓர் அரசு கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்ததால்தான் இது இன்றும் இங்கே இருக்கிறது.

தீர்ப்பு எழுதும் முன் ஒரு முறை இதைக் கையில் வாங்கிப் படித்துப் பாருங்கள், நடுவர் அவர்களே.